மறுகோடி பேங்க்

"என்னப்பா, இன்னைக்கும் பேங்க்குக்கா?"

சட்டைப் பையில் பாஸ்புக்கைச் செருகிக்கொண்டிருந்த அப்பா, தலையை மட்டும் ஆட்டினார்.

"போன வாரம்தானே போனீங்க?"

"அது பணம் எடுக்க. இது போட."

"எடுத்ததையே திருப்பிப் போடவா?"

"செலவாகலையே. என்ன பண்ணச் சொல்றே?"

மகனுக்குச் சுரீரென்றது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி வாய் வலித்து வருகிறவனுக்கு, வீட்டில் இப்படி ஒரு வாடிக்கையாளர்.

"தெருமுனையிலேயே கூட்டுறவுச் சங்கம் இருக்கு. பல் தேய்ச்சுக்கிட்டே போயிட்டு வந்துடலாம். வட்டியும் கூட. அங்க ஒரு கணக்கு ஆரம்பிச்சா என்ன?"

"அந்தச் செயலாளர் நம்ம பக்கத்து வீடு. நான் எவ்வளவு வச்சிருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சா, எவ்வளவு இல்லைன்னும் தெரிஞ்சிடும்."

"சரி, அதுவும் வேணாம். ஆன்லைன்ல பண்ணுங்க. உட்கார்ந்த இடத்திலேயே முடிஞ்சிடும்."

"உட்கார்ந்தே இருந்தா முட்டி பிடிச்சுக்கும்."

"நின்னுக்கிட்டே பண்ணுங்க."

"போன்ல எழுத்து பொடிசா இருக்கு. கண்ணு தெரியல."

"நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்ப்பா."

அப்பா அதைக் காதில் வாங்காமல் செருப்பைத் தேடினார்.

அவர் கணக்கு வைத்திருந்த பேங்க் ஊருக்கு மறுகோடியில் இருந்தது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்த பழைய காரில் போவார். போகட்டும். ஆனால் பேங்க்கில் ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டும் என்று மருமகளையும் ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு போவதுதான் மகனுக்குப் பொறுக்கவில்லை.

அவள் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கும். வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடிப்பாள். போன வாரம், "என்ன, ரொம்பக் கூட்டமா?" என்று கேட்டதற்கு, "ஒரு லாரிங்க" என்றாள். பிறகு, "லாரியில ஏத்தற அளவுக்குக் கூட்டம்" என்று திருத்திக்கொண்டாள்.

இன்றும் கைப்பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பாவமாக இருந்தது.

"நீ வீட்ல இரு. இன்னைக்குக் கடைக்கு லீவு. அப்பாவை நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைங்க. நானே போறேன்" என்றாள்.

"மாமனார் மனசு நோகுமேன்னு பாக்காதே. சாவி எங்க?"

சாவி அவள் கைப்பையிலிருந்து வந்தது. எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

காரில் உட்கார்ந்ததும் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்டை ஏன்ப்பா இவ்வளவு முன்னாடி தள்ளி வச்சிருக்கீங்க?"

"அது தானா வந்துடுது."

வழி முழுக்க அப்பா சும்மா வரவில்லை. "இண்டிகேட்டர் போடு. பதறாதே. பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், ரோடு நமக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"யாருக்குப்பா சொல்றீங்க? எனக்கு ஓட்டத் தெரியும்."

"பழக்கமாயிடுச்சு" என்றார் அப்பா.

பேங்க் வாசலில் கார் திரும்பியதுதான் தாமதம். காவலாளி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். மேனேஜர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார். வழியில் நின்ற ரெண்டு பேரையும் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார்.

மகனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்த மரியாதைக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறாரா? பாவம், இதைப் போய்க் குறை சொன்னோமே.

மூச்சு வாங்க வந்த காவலாளி, கார் ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன ஐயா, மேடம் ஓட்டிட்டு வரலையா? ஒரு போன் பண்ணியிருந்தா தொட்டியை எடுத்திருக்க மாட்டேனே."

"எந்த மேடம்?" என்றான் மகன்.

"ஐயாவோட மருமகதான். இப்பல்லாம் நல்லா ரிவர்ஸ் எடுக்கறாங்க. போன வாரம் ஒரு தொட்டிகூட உடையல."

மகன் மெல்லத் திரும்பினான். அப்பா ஜன்னல் வழியாக பேங்க்கின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"அவ உன்கிட்டதான் முதல்ல கேட்டாளாம். நான் இருக்கும்போது உனக்கெதுக்கு காருன்னு சொல்லிட்டியாம்."

மகன் இன்ஜினை அணைத்தான்.

"சங்கத்துக்குன்னா நடந்தே போயிடலாம். ஆன்லைன்னா வீட்டை விட்டே கிளம்ப வேணாம். இந்த பேங்க்குக்கு வரத்தான் பாலம், ரவுண்டானா, சிக்னல், மேடு, பள்ளம் எல்லாம் இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீயே கத்துக் கொடுக்கறேன்னு வந்துடுவே. பொறுமை இல்லாதவன். அந்தப் பொண்ணு பயந்துடும்."

காவலாளி தொட்டிகளைத் திரும்ப வெளியே வைக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்" என்றார் அப்பா. "கட்டணமெல்லாம் கட்டியாச்சு."

"அதுக்கும் வெயில்ல வந்து வரிசையில நின்னீங்களாக்கும்?"

"எதுக்கு நிக்கணும்?" அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "ஆன்லைன்ல அரை நிமிஷ வேலை."