ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

பைக்கில் வந்தவன்மீது யாரோ முகத்தையும் மூடி ஒரு துண்டைப் போர்த்திவிட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி மல்லாந்து கிடந்த அவனுடைய ஹெல்மெட் திடீரென்று பேசியது. காதோரம் செருகியிருந்த செல்போன் இன்னும் அணையவில்லை.

"தோசை கருகுதுன்னு ஓடிட்டேங்க. லைன்ல இருக்கீங்களா? பாப்பா நீங்க வந்தாத்தான் சாப்பிடுவாளாம்."

கூட்டம் பின்வாங்கியது. போக்குவரத்துக் காவலர் இருதயராஜ் மண்டியிட்டு ஹெல்மெட்டை எடுத்தார். விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வந்துடுவீங்கல்ல?"

"ம்" என்றுவிட்டார்.

எல்லாப் புருஷன்களும் சொல்லும் 'ம்'தான். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"சரி, வண்டி ஓட்டிக்கிட்டே பேசாதீங்க. பார்த்து வாங்க. ஏய் பாப்பா, அப்பா வர்றாராம்."

குழந்தை கைதட்டிச் சிரிப்பது ஹெல்மெட்டுக்குள் கேட்டது.