மல்லிகாவுக்கு ஒரு வரன்

“இந்த போன்லயும் மல்லிகா சொதப்பினா, இன்னையோட நிறுத்திருவேன்,” என்றார் முகேஷ்குமார். நிலக்கோட்டையில் பூ ஏற்றும் வேன்களுக்கு முதலாளி அவர்.

“மூணு மாசமா பேசப் பழக்கியிருக்கேன் சார். சமாளிச்சிருவா,” என்றாள் பவித்ரா.

ஸ்பீக்கரில் சித்தையன்கோட்டை மணிமேகலையின் குரல் இரைந்தது. “நாளைக்குப் பூ ஏத்த வேன் வேணும் தாயி.”

“தோட்டம் யார் பேர்லம்மா இருக்கு?” மல்லிகா கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு பேர்ல.”

“அவர் பேரு?”

“அத நான் எப்புடி என் வாயால சொல்ல? பழனி மலையில நிக்கிறாருல்ல, அவரு பேருதான்.”

“போச்சு! போன தடவையும் இந்த இடத்துலதான் முழிச்சா,” என்று முனகினார் முகேஷ்குமார்.

“பழனிச்சாமியா, ஆண்டிச்சாமியாம்மா?” மல்லிகா நிதானமாகக் கேட்டாள்.

“ரெண்டாவதா சொன்னியே, அதேதான்! இம்புட்டுப் பக்குவமாப் பேசுறியே, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா தாயி? எம் மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்.”

பவித்ரா துள்ளி எழுந்தாள்.

முகேஷ்குமார் அவளுடைய லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார். “இனி எங்கிட்டு நிறுத்துறது? நீ எழுதுன புரோகிராமுக்கு வரனே வந்துருச்சே!”