சகலை வீட்டு வெயில்

கல் கிரஷரில் காலை ஷிப்ட் முடித்து வரும் சடையப்பன், சாப்பிடுவதற்கு முன் மொட்டைமாடிக்குப் போவான். சட்டையைக் கழற்றி, இடுப்புயரச் சுவருக்கு அப்பால் நீட்டி நாலு உதறு உதறுவான். கல்மாவு புகை மாதிரி எழும்பி, பக்கத்து மாடியில் சகலை வீரமலை போட்டிருக்கும் சோலார் தகடுகள் மேல் இறங்கும். இருவரும் ஒரே கிரஷரில் கல் சுமந்தவர்கள்தான். வீரமலை லாரி வாங்கி விலகிவிட்டான். இப்போது ஊரே கரண்ட் இல்லாமல் வேர்த்துக் கிடந்தாலும் அவன் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது, கரண்ட் அடுப்பில் கறி வேகிறது.

"உன் தங்கச்சி வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் வருதோ?" என்று மனைவி பொன்னரசியிடம் கேட்பான்.

"உனக்கும் அதே வெயில்தான். நீ அதுல கல்லு சுமக்கிற" என்பாள் அவள்.

வீரமலை தினமும் காலையில் மாட்டைக் குளிப்பாட்டுவதுபோலத் தகடுகளைத் தேய்த்துக் கழுவுவான். மதியம் இவன் உதறுவான்.

இன்று சட்டையை ஓங்கியபோது சுவருக்கு அந்தப்பக்கம் கொழுந்தியாள் செல்லக்கிளி நின்றிருந்தாள். பறக்கவிருந்த சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உதறாதீங்க மாமா. குடுங்க, மெஷின்ல போட்டுர்றேன். வெயில்லதான் ஓடுது, நமக்கென்ன செலவு? அக்கா எத்தனை நாளைக்குத்தான் கல்லுல அடிச்சுத் தோய்ப்பா?"

சடையப்பன் மறுகையை விடவில்லை. அவள் மெதுவாக இழுத்தாள். அவனும் இழுத்தான். பின்னால் படியில் மூச்சிரைப்பு கேட்டது. பொன்னரசி வீட்டு அழுக்குத்துணி மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தாள்.