படிக்கட்டுக்கு அடியில்

"ஹலோ, 911-ஆ? வீட்டுக்குள்ள கணுக்கால் அளவுக்குத் தண்ணி வந்துடுச்சு மேடம். மாடிக்கு ஓடி வந்துட்டேன். சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

வெர்னிதா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "பதறாதே கண்ணு. எந்த வீடு?"

"மில் ரோடு, கடைசி வீடு. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்துல."

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் சட்டென்று நின்றன.

"யார் வீடு அது?"

"என் வீடுதான் மேடம். வேற யார் வீட்டுல நான் இருக்கப் போறேன்?"

"சரிதான். கூட வேற யாராவது?"

"இல்ல, தனியாத்தான் இருக்கேன்."

தெற்கே கடலோரத்தில் கரையேறிய புயல் டென்னசிக்கு வருவதற்குள் செத்துவிட்டதாகக் காலையில் டிவியில் சொன்னார்கள். அந்தச் செத்த புயல்தான் மத்தியானத்துக்குள் ஓடைகளையெல்லாம் ரோட்டில் ஏற்றிவிட்டிருந்தது. அவசர அழைப்பு மையத்தில் ஒரு போனும் சும்மா இல்லை.

பக்கத்து மேஜை டெல்பர்ட் ரேடார் திரையைத் தட்டினான். "அக்கா, மில் ரோடு பக்கம் சுழற்காற்று கிளம்புது. நேரா பாலத்தைப் பார்த்துத்தான் வருது."

அதே நொடி எதிர்முனையில் ஏதோ வீறிட்டது.

"மேடம், என் போன்ல எச்சரிக்கை கத்துது. சுழற்காற்றாம். நான் நிலவறைக்கு ஓடறேன்."

"நில்லு. நிலவறைல இந்நேரம் கூரை வரைக்கும் தண்ணி நிக்கும்."

"அப்போ மாடியிலயே இருந்துடவா?"

"காத்து முதல்ல மாடியைத்தான் தூக்கும்."

"வெள்ளம்னா மேலே போன்னு சொல்றீங்க. சுழற்காற்றுன்னா கீழே போன்னு சொல்றீங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா மனுஷன் எங்கதான் போறது?"

"நடுவுல. கீழே இறங்கு. படிக்கட்டுக்கு அடியில ஜன்னல் இல்லாத சின்ன அறை இருக்கும் பாரு, அதுக்குள்ள போ. கணுக்கால் தண்ணி உன்னை ஒண்ணும் செய்யாது."

தடதடவென்று இறங்கும் சத்தம். பிறகு தண்ணீரில் கால்கள் அளையும் சத்தம்.

"கதவு திறக்க மாட்டேங்குது மேடம்."

"மழைன்னா மரம் உப்பிக்கும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கின மாதிரி இழு."

ஒரு முனகல். "வந்துடுச்சு."

"அக்கா, நேர்ல பார்க்கற மாதிரி சொல்றீங்களே?" என்றான் டெல்பர்ட். "அதோட, அவன் பேரே கேக்கலை நீங்க. முதல்ல கேக்க வேண்டியதே அதுதானே?"

வெர்னிதா மைக்கைக் கையால் மூடினாள். "அந்தக் காலத்து வீடெல்லாம் ஒரே அச்சு. நீ திரையைப் பாரு." கையை எடுத்தாள். "கண்ணு, தலைக்கு ஏதாவது வேணும். சமையலறைல பெரிய பானை இருந்தா எடுத்துக் கவுத்துக்கோ."

"அடுப்பு மேல ஒண்ணு இருக்கு. பீன்ஸ் சூப் பானை."

"சூப்பைக் கொட்டிடு."

"கொட்ட ஒண்ணும் இல்ல மேடம். இப்பதான் சாப்பிட்டு முடிச்சேன்."

"முழுப் பானையுமா?"

"பசி. நல்லாத்தான் இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

வெர்னிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், ரயில் சத்தம் கேக்குது. இந்தப் பக்கம் ரயில் பாதையே கிடையாதே..."

"அது ரயில் இல்ல, காத்துதான். உள்ளே போய்க் கதவைச் சாத்து. குந்து. தலையைத் தூக்காதே."

பெரிய இரைச்சல் ஒன்று வந்தது. பலகைகள் பிளப்பதுபோலக் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

"கண்ணு?" என்றாள் வெர்னிதா. "கண்ணு, பேசு."

டெல்பர்ட் எழுந்து அவளருகே வந்து நின்றான்.

"இருக்கேன்... பானைதான் நசுங்கிடுச்சு. மேடம், மாடியே இல்ல. வானம் தெரியுது."

வெர்னிதா கண்களை மூடித் திறந்தாள்.

"போகட்டும், மாடியை மறுபடி கட்டிக்கலாம். தண்ணி எவ்வளவு?"

"முழங்கால்."

"படிக்கட்டு மிச்சமிருந்தா ஏறி உட்காரு. படகு வரும். அதுவரைக்கும் இறங்காதே."

போனை வைத்ததும் டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். "மில் ரோட்டுக்குப் படகு அனுப்பு. கூட ஒரு போலீஸ்காரரும் போகட்டும்."

"போலீஸ் எதுக்கு அக்கா? பாவம், வீட்டைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கான்."

"பறிகொடுத்தது நான். காலையில டூட்டிக்குக் கிளம்பறப்போ பூட்டிட்டு வந்த வீடு அது."

ரேடியோவை எடுக்கப் போன டெல்பர்ட் திரும்பினான். "அடப்பாவி, திருடனா? என் வீடுன்னு அவன் சொன்னப்பவே பிடிச்சு உலுக்கியிருக்கலாமே?"

"உலுக்கியிருந்தா, மாட்டிக்கிட்டோம்னு வாசல் வழியா வெள்ளத்துல குதிச்சிருப்பான்" என்றபடி வெர்னிதா அடுத்த அழைப்பை எடுத்தாள்.