ஒற்றை ஆள் அச்சு

"இத்த ஒரே ஆளு அடிக்க முடியுமா நைனா?" என்று எத்திராஜ் கேட்டது இது மூன்றாவது தடவை.

ஆனந்தனுக்கு எரிச்சல் வந்தது. அம்பத்தூரில் தன் வீட்டுக் கூடத்திலேயே பனியனில் எழுத்து அச்சடித்துப் பிழைப்பவன் அவன். கபடிக் குழு, தொழிற்பேட்டை யூனியன், தேர் இழுக்கிற தொண்டர் படை என்று யார் கேட்டாலும் அடித்துக் கொடுப்பான். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் போகவே, பழைய சாமான்களில் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தான். அதைக் கேள்விப்பட்டு நூம்பலிலிருந்து வந்தவர்தான் இந்த எத்திராஜ். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்த மனிதர், பத்தரை ஆகியும் நகர்வதாகத் தெரியவில்லை. ஆனந்தன் மூன்று விதமாகக் காட்டிவிட்டான். முதலாவது, மை துணி வழியாகப் பனியனில் இறங்குகிற மாதிரி நைலான் துணி கட்டிய பெரிய சட்டம். ஆயிரம் பனியன் அடித்தாலும் தாங்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் மலிவு. மேஜையோடு வரும். சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், மையை இழுக்க ஒருவர் வேண்டும். கடைசியாக, ஆர்கண்டி என்கிற மெல்லிய துணி கட்டிய சின்ன மரச் சட்டம். இருப்பதிலேயே மலிவு அதுதான். அதற்கும் இன்னொரு கை இருந்தால் நல்லது.

எத்திராஜ் ஆர்கண்டித் துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஊட்ல யார்னா புடிச்சிக்க மாட்டாங்களா அண்ணாத்தே?" என்று கேட்டான் ஆனந்தன்.

எத்திராஜ் சட்டத்தின் ஒரு விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். கதவுக்குப் போடுகிற கீல் இரண்டை வாங்கி, சட்டத்தை ஒரு பலகையோடு சேர்த்து முடுக்கிவிட்டால், தூக்கி இறக்க ஒரு கை போதாதா என்று கேட்டார். ஆனந்தன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தான். பத்து வருஷமாக இதே தொழிலில் இருக்கிறான், அவனுக்கு இது தோன்றியதே இல்லை. தோன்றவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. மறுபக்கம் பிடித்துக்கொள்ள எப்போதும் மனைவி வரலட்சுமி இருந்தாள்.

அந்த வரலட்சுமி தேநீர் கொண்டுவந்தாள். வந்தவள், மை படிந்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தொட்டுவிட்டதாகப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சளைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றால் விருந்தாளிகள் கூரையைப் பார்ப்பார்கள். எத்திராஜோ ஆறிப்போன டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு வருத்தம் போலிருந்தது.

ஆனந்தனுக்கு அந்த மனிதர் மேல் பரிதாபம் வந்துவிட்டது. சாமானை விற்கவேண்டும்தான். அதற்காக லேத்தில் நின்று சம்பாதித்த காசை ஒருவர் தெரியாத தொழிலில் கொட்டுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆர்டர் யார் கொடுப்பார்கள், மாதத்துக்கு எத்தனை பனியன் போகும் என்று விசாரித்தான்.

வியாபாரத்துக்கு இல்லை, சொந்த உபயோகத்துக்குத்தான் என்றார் எத்திராஜ். எத்தனை பனியன் என்று கேட்டதற்கு, இப்போதைக்கு ஒன்று என்றார்.

ஒரு பனியனுக்கு ஒரு சட்டமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு, தானே இங்கே அடித்துத் தருவதாகவும் காசுகூட வேண்டாம் என்றும் ஆனந்தன் சொன்னான். எத்திராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாணாம் நைனா. எழுத்த அப்பப்ப மாத்திக்குவேன். ஒவ்வொரு தபாவும் இன்னொருத்தர் கைல குடுக்க வெக்கமா கீது."

சரி, வெள்ளோட்டம் பார்த்துவிட்டு எடுத்துப்போங்கள் என்று ஆனந்தன் மையைக் கலக்கினான். எத்திராஜ் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பனியனையும், எழுத்துகளைப் பிளேடால் வெட்டிய ஒரு காகிதத்தையும் எடுத்தார். பனியனை விரித்து அதன்மேல் காகிதத்தை வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, எழுத்துகள் இடவலம் மாறிக் கிடந்தது ஆனந்தன் கண்ணில் பட்டது.

ரப்பர் ஸ்டாம்புக்குத்தான் எழுத்தை மாற்றி வெட்டவேண்டும், இதற்கு நேராக வைக்கவேண்டும் என்று விளக்கினான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான், காகிதத்தைப் புரட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று கையை நீட்டினான். எத்திராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படியே அடிக்கலாம் என்றார்.

சொன்னால் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. அவர் காசு, அவர் பனியன் என்று ஆனந்தன் விட்டுவிட்டான். எத்திராஜ் சட்டத்தை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே சீராக இழுத்தார். லேத்தில் பழகிய கை, எழுத்து பிசிறில்லாமல் விழுந்தது. ஆனால் அத்தனையும் திரும்பி விழுந்திருந்தது.

"இத்த மாட்டிகினு ரோட்ல போனா ஒருத்தராலயும் படிக்க முடியாது அண்ணாத்தே."

"ரோட்டுக்கு யாரு மாட்டிகினு போறாங்க?"

எத்திராஜ் ஈரப் பனியனைத் தோள் பக்கம் பிடித்துத் தூக்கி, தன் மார்பில் படாமல் முன்னால் விரித்துக்கொண்டார். சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். பின்னாலேயே போன ஆனந்தன் அவர் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் எழுத்து நேராகத் தெரிந்தது: 'சாப்ட்டியா?'

"ஊட்டுக்காரி போயி மூணு வருசமாவுது நைனா," என்றார் எத்திராஜ். "கண்ணாடில கீறவனாவது தெனம் என்னைக் கேக்கட்டும்."