நூற்றுக்குப் பூச்சியம்

"நோயாளிகளுக்குச் சொல்லுற வைத்தியத்தை முதலிலை நாங்கள் எங்களுக்குச் செய்து பாப்பம். ஆருக்கு என்ன பயம், சொல்லுங்கோ" என்றார் மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர் கோபிசங்கர்.

இதுவரை எந்தப் பொறுப்பாளரும் இப்படிக் கேட்டதில்லை. உளவளத்துணையாளர் வினிபிரட் முதல் ஆளாகக் கையை உயர்த்தினாள்.

"கடல், சேர். படகு கவிழ்ந்து அண்ணை செத்த நாளிலையிருந்து கரைப்பக்கமே போறேல்லை."

"படிப்படியாப் பழகலாம். நானும் கூட வாறன்."

சொன்னபடியே வந்தார். முதல் வாரம் கடலின் படத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றாள். பிறகு, கட்டிவைத்த படகில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் மாதம் நெடுந்தீவுவரை போய்த் திரும்பியவள், அவர் நீட்டிய படிவத்தில் 'கடல் பயம்: நூற்றுக்குப் பூச்சியம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். இப்படியொரு மனிதர் கிடைக்கத் தங்கள் பிரிவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய மேசையில் கடிதம் கிடந்தது. நெடுந்தீவுக் கிளினிக்குக்கு மூன்று வருட இடமாற்றம். கடல் பயத்துக்காகத் தீவு வேலையிலிருந்து அவளுக்கு இதுவரை இருந்த விலக்கு நீக்கப்பட்டிருந்தது. ஆதாரமாக, அவள் கைப்பட எழுதிய படிவத்தையே இணைத்திருந்தார்கள்.

கடிதத்தோடு அவருடைய அறைக்குப் போனாள்.

"சேர், இடமாற்றப் பட்டியலிலை அந்த இடத்துக்கு முதலிலை உங்கடை மிஸிஸின்ரை பேரெல்லோ வந்திருந்தது?"

"ஓம்" என்றார் கோபிசங்கர், அதே கனிவோடு. "பாவம், அவவுக்குக் கடலெண்டால் சரியான பயம்."