பூச்சி வாத்தியார் பார்க்காதே என்ற படம்

"அந்தப் படத்துக்கு மட்டும் யாரும் போயிடாதீங்க," என்றார் சுந்தரமூர்த்தி.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வந்தவர்கள். கைகளில் இன்னும் சுண்ணாம்பு வெள்ளை.

சுந்தரமூர்த்தி பி.ஏ. படித்தவர். ஊர் ஊராகப் போய், விளக்குப் பெட்டியில் கண்ணாடிப் படங்களைச் செருகி, வெள்ளைத் துணியில் பெரிதாகக் காட்டி விஞ்ஞானம் பேசுபவர். காலராக் கிருமியையே அதிகம் காட்டியதால் ஊர் வைத்த பெயர் பூச்சி வாத்தியார். பேச்சு பாதியில் இருக்கும்போதே கூட்டம் கலைந்துவிடும். கடைசியில் ஏதாவது நாடகம், சினிமா, கிராமபோன் தட்டு பற்றி ஒரு வார்த்தை சொல்வார். அதற்காகவே சிலர் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வார்த்தைக்கு ஊரில் தனி மதிப்பு. அவர் புகழ்ந்த நாடகத்தில் ஜனங்கள் தூங்கிப் போனார்கள். அவர் சிபாரிசு செய்த வீணைத் தட்டைப் போட்டதும் காப்பிக் கடை காலியானது. குப்பை என்று அவர் திட்டிய படத்துக்கோ கூட்டம் தாங்காமல் கொட்டகை மூங்கில் முறிந்தது. வாத்தியார் எதைத் திட்டுகிறாரோ அதைப் பார்ப்பது என்று அன்றே ஊர் முடிவு செய்துவிட்டது. இது அவருக்கு மட்டும் தெரியாது என்றும் நம்பியது.

இந்த முறை அவர் கையில் விளக்குப் பெட்டி இல்லை. எங்கே என்று ஷாப்பில் தோலுக்கு மரப்பட்டை இடிக்கும் அந்தோணி கேட்டான். விற்றுவிட்டதாகச் சொன்னார். பாலாற்றுக்கு அக்கரையில் காலரா வந்து சாவு விழுந்துகொண்டிருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்காவிட்டால் இங்கேயும் வரும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இனிமேல் பேச்சு கிடையாது என்றார்.

"உனக்கே பேஜாராப் போச்சா?" அந்தோணி சிரித்தான். "சரி, படத்தைச் சொல்லு வாத்தியாரே. நாளைக்கு ஹபீப் பாய் கொட்டகையில மாத்துற படம்தானே? இன்னா இருக்குது அதுல?"

"அசிங்கம். ஒரு கொலைகாரன் வீட்டுக்குள்ளயே இருக்கான், யார் கண்ணுக்கும் தெரியல. பச்சப் புள்ளயக்கூட விடல."

"அவனை யாரு உள்ள வுட்டது?" என்று கேட்டாள் வள்ளியம்மாள். ஷாப்பை ஒட்டிய கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவள்.

சுந்தரமூர்த்தி அவள் குடத்தை ஒரு தரம் பார்த்தார்.

"அந்த வீட்டுப் பொம்பளையேதான். புருஷன் கண்ணெதிர்ல கூட்டிட்டு வர்றா."

கூட்டம் நெருங்கி வந்தது.

"இன்னா ஜென்மம் அவ," என்றாள் வள்ளியம்மாள். "ஆளு எப்படி? அழகா இருப்பாளா?"

அதெல்லாம் தமக்குத் தெரியாது என்றார் அவர். குடும்பத்தில் இருப்பவர்கள் பார்க்கக்கூடாத படம், பிள்ளைகளையாவது வீட்டில் விட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வள்ளியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். போன வருஷம் போட்டோ பிடிப்பதாகச் சொல்லி, கிணற்றடியில் மூணு கால் பெட்டியை நிறுத்தி, அரை நாள் அவளைத் தண்ணீர் இறைக்க விட்டவர் இவர்தான். அது அவளுக்கு மறக்கவில்லை.

"ஒரு போட்டோவுக்கு எத்தினி குடம் தூக்கினேன். இன்னும் கண்ல காட்டல நீ."

"வரும்," என்றார்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. முகம் மறைக்கும் கோஷாப் பெண்களுக்குக் கட்டிய திரைக்குப் பின்னாலும் நெருக்கம். மணலில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியம்மாள் முதல் வரிசை. ஹபீப் பாய்க்கு வாயெல்லாம் பல்.

பின்னால் மூங்கிலில் சாய்ந்து நின்ற சுந்தரமூர்த்தியை அந்தோணி கண்டுபிடித்துவிட்டான். எங்களைப் போகாதே என்று சொல்லிவிட்டு நீ மட்டும் வந்தாயா என்று மடக்கினான். அவர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. படம் முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

விடிந்ததும் அவர் கிணற்றுத் தெருவில் நடந்தார். தெரு முழுக்கப் புகை. வீட்டுக்கு வீடு வாசலில் மூன்று கல் வைத்துக் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தோணி விறகு பிளந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கோடாலியை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

வள்ளியம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"ஊரே என்னைப் பார்த்துச்சு வாத்தியாரே," என்றாள். "நீ வச்சது சினிமாப் பெட்டின்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு அந்தக் கொலைகாரனைக் குடத்தோட இடுப்புல தூக்கிட்டுப் போயிருப்பேன் இல்ல?"